பதினேழாம் இலக்கக்காரர் வந்த வழி

நீங்கள் சிரிக்கலாம், எனக்குக் கோபம் வராது. இதே கதையை வேறு யாராவது எனக்குச் சொல்லியிருந்தால், வெயிலில் நின்று தலை சுற்றியிருக்கும், இளநீர் குடித்துவிட்டுப் போய்ப் படு என்று நானே சொல்லி அனுப்பியிருப்பேன். இருபத்தாறு வருடமாகத் தாதி வேலை பார்க்கிறேன். பிரேத அறைச் சாவியை வாங்கிக்கொண்டு தனியாகப் போய் வந்தவள். எங்கள் வார்டில் ஒரு கட்டிலில் யாரோ இருக்கிற மாதிரித் தெரிகிறது என்று புதிதாக வந்த பிள்ளைகள் பயந்து ஒதுங்கியபோது, மத்தியானம் அதே கட்டிலில் ஏறிப் படுத்து அரை மணி நேரம் நித்திரை கொண்டு காட்டினேன். நல்ல நித்திரை. பேய், ஆவி என்று யாராவது வாயைத் திறந்தால் முதலில் அவர்களுக்குப் பிரசர் பார்க்கிற ஆள் நான். அப்படிப்பட்டவள் சொல்கிறேன் என்று வைத்துக்கொண்டு கேளுங்கள். இது இரவில் நடந்ததுமில்லை, சுடலைக்குப் பக்கத்தில் நடந்ததுமில்லை. பட்டப்பகல் ஒன்றரை மணி, இருபது பேர் சோறு தின்றுகொண்டிருந்த மண்டபத்துக்குப் பின்பக்கம்.

போன வருடம் ஆவணி மாதம். புற்றுநோய்ப் பிரிவில் கிடக்கிற பிள்ளைகளுக்காக ஒரு சைக்கிள் பயணம், பருத்தித்துறையில் தொடங்கித் தெற்கே தெய்வேந்திரமுனை வரைக்கும். பல ஊர்க்காரர், மொத்தம் இருபத்திரண்டு பேர். எங்கள் மாவட்டத்துக்குள் ஓடுகிற ஒரு நாளைக்கு மட்டும் முதலுதவிக்கு ஒரு தாதி வேண்டும் என்று கேட்டார்கள், நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். போனது மட்டுமில்லை, அவர்கள் போக இருந்த வழியையும் நான்தான் மாற்றிவைத்தேன். செங்கலடியிலிருந்து ரவுணுக்குள், நகரத்துக்குள், வந்து காத்தான்குடி வழியாகப் பிரதான வீதியிலேயே போகத்தான் அவர்கள் திட்டம். லொறியும் பஸ்ஸும் முட்டுகிற வீதி அது, வாவிக்கு மேற்கே படுவான்கரைக்குள்ளால் வாருங்கள், கண்ணுக்கெட்டிய மட்டும் வயல் வட்டை, நல்ல காற்று, வாகனம் குறைவு, பிறகு மண்முனைப் பாலத்தால் கடந்து கடற்கரைப் பக்கம் வந்துவிடலாம் என்று குழுத்தலைவி நிரோஜினியிடம் சொன்னேன். பாதுகாப்பு என்று காரணம் சொன்னேன். உண்மை வேறு. நான் பிறந்து வளர்ந்தது படுவான்கரையில். கலியாணம் முடித்து நாவற்குடாவுக்கு வந்த பிறகு, வருடத்தில் ஒருதரம் கோயில் திருவிழாவுக்குப் போய் வருவதோடு சரி. இத்தனை வெளியூர்க்காரருக்கு அதைக் காட்டவேண்டும் என்று ஒரு ஆசை, ஒரு பெருமை, அவ்வளவுதான்.

எங்களுடைய வான் அன்வர் நானாவுடையது. அவர் காத்தான்குடி ஆள், புடவைக் கடைகளுக்குச் சாமான் ஏற்றுகிறவர். அன்றைக்குத் துணிக்கட்டுகளை இறக்கிவிட்டுத் தண்ணீர்ப் போத்தலும் வாழைப்பழமும் ஏற்றியிருந்தார், ஆனாலும் உள்ளே புதுத்துணி வாசம்தான் அடித்தது. பதினைந்து வருடம் கட்டாரில் லொறி ஓட்டியவர், எதை எடுத்தாலும் அதற்கொரு கட்டார்க் கதை வைத்திருப்பார்.

விடியற்காலை செங்கலடியில் எல்லோரும் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தபோது, வானுக்குப் பின்னால் நான் மருந்துப் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்த இடத்துக்கு ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், மெலிந்த உடம்பு, நெஞ்சில் பதினேழாம் இலக்கம் குத்தியிருந்தது. பெயர் செல்வராஜ், ஹற்றன் பக்கம் தோட்டப் பாடசாலை ஒன்றில் கணக்கு வாத்தியார்.

“மிஸ், ராத்திரி ரெண்டு தடவ வாந்தி எடுத்துட்டேன். இப்ப ஒண்ணுமில்ல. லீடர்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க” என்றார்.

பிரசர் பார்த்தேன், கொஞ்சம் குறைவு. நாடி கொஞ்சம் வேகம். இன்றைக்குச் சைக்கிள் ஓட வேண்டாம், வானில் ஏறுங்கள் என்றேன். அவர் திரும்பி முதுகைக் காட்டினார். சட்டையில் மார்க்கர் பேனையால் ‘அப்பா, மெதுவா’ என்று எழுதியிருந்தது.

“மக எழுதினது. ஒம்போது வயசுல அந்த மாதிரி கேன்சர் வார்டுலதான் ஏழு மாசம் கெடந்தா. இப்ப ஏ.எல். படிக்கிறா. ஒரு அடிகூட வண்டியில ஏறாம முடிக்கிறேன்னு அவகிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன் மிஸ்.”

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். வேறு யாராவது தாதி இதைச் செய்திருந்தால் நானே ஏசியிருப்பேன். ஒவ்வொரு தரிப்பிலும் ஜீவனி உப்புக்கரைசல் குடிக்க வேண்டும், எல்லோருக்கும் பின்னால், எங்கள் வானுக்கு முன்னால், என் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் ஓட வேண்டும் என்று சொல்லி விட்டுவிட்டேன். கொப்பியில் பதினேழுக்கு நேரே ‘நலம்’ என்று எழுதினேன். நிரோஜினியிடம் வாய் திறக்கவில்லை.

பதினொரு மணி வரைக்கும் ஒரு குறையுமில்லை. அறுவடை முடிந்த வட்டைகளில் கொக்குகள் இறங்கியிருந்தன, வைக்கோல் வாசம், வீதியோரம் தயிர்ச்சட்டி அடுக்கி வைத்திருந்த பெண்கள் சைக்கிள்காரரைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் வானுக்குள் இருந்து இது எங்கள் பெரியம்மாவின் வளவு, இந்த வாய்க்காலில்தான் நீந்தப் பழகினேன், அந்தக் கடையில்தான் முதல்முதல் ஐஸ்பழம் தின்றேன் என்று கதைத்துக்கொண்டே வந்தேன். அன்வர் நானாவும் கட்டாரை மறந்துவிட்டுக் கேட்டுக்கொண்டே வந்தார். வானுக்கு முன்னால் அந்த முதுகு ‘அப்பா, மெதுவா’ என்று போய்க்கொண்டிருந்தது.

கொக்கட்டிச்சோலை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு பெண்ணின் சைக்கிள் சங்கிலி அறுந்தது. நாங்கள் நிறுத்தினோம். நின்றால் கால் பிடித்துக்கொள்ளும், நான் மெல்லமாகப் போய்க்கொண்டிருக்கிறேன் என்று செல்வராஜ் கையைக் காட்டிவிட்டுப் போனார். நானும் தலையை ஆட்டினேன். சங்கிலி மாட்ட இருபது நிமிடம் போனது. பாலத்துக்குத் திரும்புகிற சந்தியில், முன்னால் போனவர்கள் வீதியில் சோக்கட்டியால் அம்புக்குறி போட்டிருந்தார்கள். அதன் மேலே ஒரு எருமைக் கூட்டம் கடந்து போயிருக்கிறது. சேறும் சாணமும்தான் மிச்சம். எனக்கு வழி தெரியும், ஆகவே அம்புக்குறி அழிந்ததை நான் கவனிக்கவேயில்லை. ஊர் தெரியாத ஒருவருக்கு அங்கே திரும்பவேண்டும் என்று தெரியாது என்று அந்த நேரம் யோசிக்கவுமில்லை. பாலத்தைக் கடந்து வந்துவிட்டோம்.

மத்தியானச் சாப்பாடு செட்டிபாளையத்தில், வாவிப் பக்கம் போகிற ஒழுங்கையில் இருக்கிற ஒரு மண்டபத்தில். நான் போய்ச் சேர்ந்து ஆட்களை எண்ணினேன். இருபத்தொன்று. திரும்ப எண்ணினேன். பிறகு இலக்கங்களைக் கூப்பிட்டேன். பதினேழுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அவர் எங்களுக்கு முன்னால் வந்துவிட்டார் என்று நான் நினைத்திருக்க, மற்றவர்கள் அவர் எங்களோடு வானுக்குப் பக்கத்தில் வருகிறார் என்று நினைத்திருக்கிறார்கள்.

போன் எடுத்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. ஆறு தரம் எடுத்தேன். நேரம் பன்னிரண்டே முக்கால். அந்த வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இரவு வாந்தி எடுத்து உடம்பில் தண்ணீர் வற்றிப்போன ஒரு ஆள் அந்த வெயிலில் தனியாக எங்கேயாவது விழுந்து கிடந்தால் எத்தனை நிமிடம் தாங்கும் என்று எனக்குக் கணக்குத் தெரியும். அதுதான் பெரிய வேதனை. தெரியாதவர்களுக்கு நம்பிக்கை இருக்கும்.

“தங்கச்சி, நீங்க இரிங்க, நான் போய்ப் பாத்திட்டு வாறன். சைக்கிளோட ஒரு ஆள் காணாமப் போறத்துக்கு இதென்ன கட்டார்ப் பாலைவனமா?” என்று அன்வர் நானா வானைத் திருப்பினார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. நானும் வருகிறேன் என்றேன். அதற்குள் இரண்டு பேர் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தார்கள், நிரோஜினி என்னை விடவில்லை. அவர்களுக்குக் காலை நீவிவிட்டு, தண்ணீர் கொடுத்துவிட்டு, மண்டபத்துக்குள் நிற்க முடியாமல் பின்பக்கமாக வாவிக் கரைக்கு நடந்தேன். போனைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன் என்றுதான் சொல்லவேண்டும்.

அந்தக் கரையைப் பற்றி நான் ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். மண்டபத்தைத் தெரிவு செய்ததும் நான்தான். அந்த ஒழுங்கை முடிகிற இடத்தைத் துறையடி என்போம். பாலம் கட்டுவதற்கு எத்தனையோ வருடத்துக்கு முன்னர், அங்கிருந்து நேரே அக்கரைக்கு, எங்கள் பக்கத்துக்கு, ஒரு பாதை ஓடியது. வாவியைக் கடக்கிற அந்தப் பெரிய மிதவையைத்தான் எங்கள் ஆட்கள் பாதை என்பார்கள். இரண்டு தோணிகளைச் சேர்த்து மேலே பலகை அடித்தது, எஞ்சினும் கிடையாது, நீளக் கம்பு ஊன்றித் தள்ளுவதுதான். கதிராமன் அண்ணைதான் பாதைக்காரர். சங்கீதமும் கணக்கும் இந்தக் கரைப் பள்ளிக்கூடத்தில்தான் நல்லது என்று வீட்டில் சேர்த்துவிட்டதால், ஆறு வருடம், வெள்ளைச் சட்டையும் இரட்டைப் பின்னலுமாக, அக்காவின் பழைய சைக்கிளை உருட்டி ஏற்றி அந்தப் பாதையில்தான் பள்ளிக்கூடம் போனேன். காலையில் தண்ணீருக்கு மேலே புகை மாதிரிப் பனி கிடக்கும். இறால் கூடைகள், கோழிகள், மருந்துக்குப் போகிற கிழவர்கள், எல்லோருக்கும் நடுவில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று நான் வாய்ப்பாடு பாடமாக்குவேன். பிந்தி ஓடிவருகிற நாளில் தூரத்தில் இருந்தே கையைத் தூக்கிக் காட்டுவேன். அவர் தோளில் கிடக்கிற சால்வையை எடுத்துத் தலைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றுவார், நிற்கிறேன் வா என்று அர்த்தம். “ஆறுதலா வாகா மகள், தண்ணி எங்கயும் ஓடாது” என்பார். ஒருநாள்கூட என்னை விட்டுவிட்டுப் போனதில்லை. யுத்தம் நடந்த பிரச்சினைக் காலத்தில் அக்கரை ஒரு உலகமும் இக்கரை ஒரு உலகமுமாக இருந்தபோதும் அந்த மனிதர் இரண்டு பக்கத்தாருக்கும் பதில் சொல்லிக்கொண்டு எங்களை ஏற்றி இறக்கினார். நான் தாதிப் பயிற்சிக்கு வெளியூரில் இருந்தபோது காய்ச்சலில் செத்துப்போனார் என்று கடிதத்தில் எழுதினார்கள். வர முடியவில்லை. பாதை கொஞ்ச நாள் கரையில் கிடந்து உக்கியது. பிறகு பலகைகளைக் கழற்றி யாரோ மாட்டுப்பட்டிக்கு அடைப்பு வைத்துவிட்டார்கள்.

அந்தத் துறையடியில்தான் நின்றேன். ஒன்றரை மணி. வாவி முழுக்க வெயில் விழுந்து தகரம் மாதிரி மின்னிக்கொண்டிருந்தது, கண்ணை இடுக்கித்தான் பார்க்க வேண்டியிருந்தது. பாதை வந்துகொண்டிருந்தது.

இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள், இதைத்தான் ஒருவருக்கும் என்னால் விளங்கப்படுத்த முடியவில்லை. நான் திடுக்கிடவில்லை. அதிசயப்படவில்லை. தாழ்வான கறுப்புப் பலகை, அதன் மேலே ஆள் உருவங்கள், பின்பக்கத்தில் கம்பு மேலே போய்க் கீழே இறங்குகிறது. நான் அதைப் பார்த்து ‘பாதை வருகுது’ என்று மனதுக்குள் சொன்னேன். எத்தனை ஆயிரம் தரம் அதே கரையில் நின்று அதே மாதிரிப் பார்த்திருப்பேன், கண்ணுக்குப் பழகின ஒன்றைப் பழகின மாதிரியே பார்த்தது. கை தானாக மேலே போனது, காட்டினேன். அங்கிருந்து துணி மாதிரி ஏதோ ஒன்று ஒரு சுற்றுச் சுற்றியது. நெஞ்சுக்குள் இருந்த பாரம் அப்படியே இறங்கிவிட்டது. நம்பினால் நம்புங்கள், அந்த ஒரு நிமிடம் நான் செல்வராஜையும் மறந்துபோனேன், என் வயதையும் மறந்துபோனேன்.

“அக்கா! இங்க ஒராள் மயங்கிற மாதிரி இருக்கு, ஓடி வாங்க!” என்று மண்டபத்துப் பக்கமிருந்து நிரோஜினி கூப்பிட்டாள். திரும்பி ஓடினேன். மயக்கமில்லை, பசிக் களைப்புத்தான், குளுக்கோஸ் கொடுத்துக் காலை உயர்த்திப் படுக்கவைத்தேன். பத்துப் பதினைந்து நிமிடம் இருக்கும். நிமிர்ந்து பார்த்தால், துறையடிப் பக்கமிருந்து ஒழுங்கையால் சைக்கிளை உருட்டிக்கொண்டு செல்வராஜ் வருகிறார். ஈரத் தலை. முகம் தெளிவாக இருந்தது.

ஏசினேனா, அழுதேனா தெரியாது. பிடித்து இருத்திப் பிரசர் பார்த்தேன். விடியற்காலை இருந்ததைவிட நன்றாக இருந்தது. நாடியும் சீர்.

“எங்க போனீங்க? ஏன் போன் எடுக்கல்ல?”

“போன் அடிக்கவே இல்லையே மிஸ். வழி மாறிப் போயிட்டேன். வாவி ஓரமா ஒரு மண்ணு ரோட்டுல போய்க்கிட்டே இருந்தேன், முடிஞ்சிருச்சு. கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு, ஒரு மரத்தடியில சாஞ்சுட்டேன். யாரோ தோள்ல தட்டுனாங்க. பாத்தா ஒரு பெரியவரு. பக்கத்துல பலக போட்ட போட் ஒண்ணு நின்னுச்சு. ‘பாதை போகப்போகுது, ஏறு மனே’ன்னாரு. எனக்கு வெளங்கல. பாதை எங்க இருக்குன்னு கேட்டேன். சிரிச்சுட்டு, ‘இதுதான் பாதை’ன்னாரு. வண்டியில ஏறமாட்டேன்னு மககிட்ட சொல்லியிருக்கேன்யான்னேன். ‘இது வண்டியில்லயே, தண்ணி’ன்னாரு.”

நான் அவருக்குச் சோற்றை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இன்னும் எனக்கு உறைக்கவில்லை. ஓம், பாதை வந்தது, நானும் பார்த்தேன்தானே என்றுதான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

“சால்வைய வாவித் தண்ணியில நனைச்சு நனைச்சுத் தலையில போட்டுக்கிட்டே வந்தாரு. தூங்க விடல மிஸ், பேச்சுக் குடுத்துக்கிட்டே இருந்தாரு.”

அதைத்தான் நானும் செய்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டே சைக்கிளைச் சுவரில் சாத்தப் போனேன். பிறேக் பிடியில் பச்சைத் தென்னோலைக் கீற்று ஒன்று சுற்றியிருந்தது, ஒரு நுனி அவிழ்ந்து தொங்கியது. பாதையில் சைக்கிள் உருளாமல் இருக்கப் பிறேக்கை அமத்தி ஹாண்டிலோடு சேர்த்து ஓலைக் கீற்றால் கட்டிவிடுவது கதிராமன் அண்ணையின் பழக்கம். வேறு ஒருவரும் செய்து நான் கண்டதில்லை. அந்த ஓலையைத் தொட்டபோதுதான் எனக்கு உறைத்தது. பாதையா? எந்தப் பாதை?

துறையடிக்கு ஓடினேன். வெறும் தண்ணீர். கரையோரம் சேற்றில் ஒரு சைக்கிள் ரயர்த் தடமும் ஒரு சோடி சப்பாத்துத் தடமும், தண்ணீர் விளிம்பிலேயே தொடங்கி மேலே வந்திருந்தன. போனதற்குத் தடம் கிடையாது. கொஞ்சம் தள்ளி ஒருவர் தோணியில் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். இப்போது ஒரு பாதை வந்ததா என்று கேட்டேன்.

“பாதையா? அது நிண்டு எத்தின வருசம். என்னகா, வெயில் கூடிற்றா?” என்றார். காலையிலிருந்து அந்த இடத்தில்தான் இருக்கிறாராம்.

மண்டபத்துக்கு நான் திரும்பவும் அன்வர் நானாவின் வான் வரவும் சரியாக இருந்தது. இறங்கி இரண்டு அடி வைத்தவர் அப்படியே வானைப் பிடித்துக்கொண்டு நின்றார். செல்வராஜ் சோறு தின்றுகொண்டிருந்தார்.

“யா அல்லாஹ்… தங்கச்சி, இவர் எப்பிடி இங்க?” அவர் கையில் ஒரு வெற்றுத் தண்ணீர்ப் போத்தல், எங்களுடைய போத்தல், மேலே பதினேழு என்று எழுதியது. “அக்கரையில மண் ரோட்டு முடியிற இடத்தில மரத்தடியில கிடந்திச்சு. ரயர் அடையாளம் நேரா தண்ணிக்குள்ள போயிருந்திச்சு. ஆள் முடிஞ்சிது என்டு நினைச்சு, உங்களுக்கு என்னத்தச் சொல்ற என்டு வழி முழுக்க யோசிச்சு வாறன்.”

அந்த மனிதர் அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன். செல்வராஜ் சோற்றுக் கையோடு எழுந்து நின்றார், பாவம், தான் என்ன பிழை செய்தேன் என்று தெரியாமல்.

வாவியில் வேறு துறைகளில் பாதை இன்னும் ஓடுகிறதுதானே, அதில் வந்திருப்பார் என்று நீங்கள் சொல்வீர்கள். நாங்களும் அப்படித்தான் யோசித்தோம். மறுநாள் அன்வர் நானா போய் விசாரித்தார், அப்படி ஒரு சைக்கிள்காரரை ஏற்றியதாக ஒருவருக்கும் நினைவில்லை. அது போக, ஓடுகிற தூரத்தைக் குறித்துக்கொண்டே வருகிற ஒன்று செல்வராஜின் போனில் இருந்தது, வரைபடத்தில் சிவப்புக் கோடாகக் காட்டும். நிரோஜினி அதைத் திறந்தாள். சந்தியில் திரும்பாமல் நேரே போகிறது, வாவியோரமாகத் தெற்கே வருகிறது, அக்கரையில் எங்கள் ஊர்த் துறையில் நிற்கிறது. பிறகு நீலத்துக்குள் இறங்கி, மெதுவாக, கம்பு ஊன்றுகிற வேகத்தில், நேரே செட்டிபாளையம் துறையடிக்கு வருகிறது. பாலம் அந்த இடத்திலிருந்து எவ்வளவோ தூரம் வடக்கே. நிரோஜினி போன் பிழைவிட்டிருக்கும் என்றாள். நான் ஓம் என்றேன். 

ஆனால் ஒன்று செய்தேன். எல்லோருக்கும் முன்னால் காலையில் நடந்ததைச் சொன்னேன். வாந்தி எடுத்த ஆளைத் தெரிந்துகொண்டே ஓடவிட்டேன், கொப்பியில் பொய் எழுதினேன் என்று சொன்னேன். நிரோஜினி கொப்பியைக் கேட்டு வாங்கினாள். செல்வராஜ் குறுக்கே விழுந்து, தான்தான் கெஞ்சியதாகச் சொன்னார். பிறகு அவரே மகளுக்குப் போன் எடுத்தார். அந்தப் பிள்ளை போட்ட சத்தம் எங்களுக்கே கேட்டது. “அப்பா, மெதுவான்னுதானே எழுதினேன், செத்துப்போங்கன்னா எழுதினேன்? வண்டியில ஏறுங்க!” அன்று பின்னேரம் அவர் அன்வர் நானாவுக்குப் பக்கத்தில் இருந்து கட்டார்க் கதை கேட்டுக்கொண்டு போனார். இரண்டு நாள் ஓய்வுக்குப் பிறகு திரும்பவும் ஏறி ஓடி, தெய்வேந்திரமுனையில் கடலுக்குள் இறங்கி நின்று எனக்குப் படம் அனுப்பினார்.

அந்த நாளை நினைத்தால் எனக்குப் பயம் வருவதில்லை. அதை நம்புங்கள். ஒரு ஏக்கம்தான். அந்தக் கையசைப்போடு திரும்பி ஓடாமல் இன்னும் பத்து நிமிடம் நின்றிருந்தால், கிட்ட வந்ததும் அவர் முகத்தைப் பார்த்திருப்பேன். செத்த வீட்டுக்கு வர முடியாமல் போய்விட்டது அண்ணை என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். பிறகு பல நாள் சும்மா அந்தத் துறையடிக்குப் போய் நின்றிருக்கிறேன். பன்புல் பற்றைக்குள் கொக்கு நிற்கும், வேறு ஒன்றுமில்லை. ஒரு நல்ல மனிதர், தன் துறைக்கு வந்த ஒருவரைக் கரை சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். அப்படி நினைப்பதில் ஒரு ஆறுதல் இருந்தது. மூன்று மாதம் வரைக்கும் இருந்தது.

மூன்று மாதம் கழித்துச் செல்வராஜ் போன் எடுத்தார், சுகம் விசாரிக்க. கதைத்துக்கொண்டிருக்கும்போது ஒரு விஷயம் கேட்டேன். அந்தச் சிவப்புக் கோட்டின் படத்தை நேரக் குறிப்போடு நிரோஜினி எனக்கும் அனுப்பியிருந்தாள், நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன். நடு வாவியில் ஒரு இடத்தில் கோடு நான்கு நிமிடம் அசையாமல் நிற்கிறது. அந்த இடத்தின் ஆழம் எனக்குத் தெரியும், கம்பு எட்டாமல் கதிராமன் அண்ணை முன்பக்கத்து அணியத்தில் வந்து துடுப்புப் போடுகிற இடம் அது. அங்கே ஏன் நின்றீர்கள் என்று கேட்டேன்.

“அதுவா மிஸ், அந்த அம்மா எறங்கினாங்களே, அதுக்குத்தான்.”

“எந்த அம்மா?”

“போட்ல எங்ககூட ஒரு அம்மா வந்தாங்க. நீங்க கேக்கல, நானும் சொல்லல. நடுவுல எறங்கிட்டாங்க. ஆழமில்ல போலன்னு நெனச்சேன்.”

ஆள் எப்படி, வயது என்ன, என்ன உடுப்பு என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். தான் முகத்தைப் பார்க்கவில்லை, அந்த அம்மா ஏறியதிலிருந்து செட்டிபாளையம் கரையைப் பார்த்தபடியே நின்றார் என்றார். அந்தப் பக்கத்தில் எனக்குத் தெரிந்து வாவியில் மூழ்கிச் செத்துப்போன பெண் ஒருவரும் இல்லை. ஊரில் கேட்டும் பார்த்துவிட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை.

“எறங்கிறப்ப ஏதும் சொன்னாவா?” என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று இப்போதும் நினைக்கிறேன்.

“சொன்னாங்க மிஸ். கரையில யாரோ கையக் காட்டிக்கிட்டு நின்னாங்க, நீங்கதான்னு பின்னாடிதான் தெரிஞ்சது. அந்தப் பெரியவரு சால்வையச் சுத்தினாரு. இந்த அம்மாவும் ஒங்களப் பாத்துக் கையத் தூக்கினாங்க. ‘வாறன்’னு சொல்லிட்டு ஒங்க பக்கமாத்தான் தண்ணியில எறங்கினாங்க.”